மலைக்கும் கால அட்டவணை உண்டு

புனேயில் வளரும் நம் குழந்தைகளை அழைத்து, ஊருக்குப் போகும் வழியிலுள்ள ஸ்டேஷன்களைச் சொல்லும்படி கேட்டுப் பாருங்கள். தௌண்ட், சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். எங்கே வண்டி நெடுநேரம் நிற்கும், எங்கே தயிர்சாதப் பொட்டலம் ஏறத் தொடங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். காம்ஷேத்துக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்று கேட்டாலோ விழிப்பார்கள். அது மளவ்லி. புனேயிலிருந்து லோனாவ்ளா லோக்கலில் ஏறினால் லோனாவ்ளாவுக்கு முந்திய ஸ்டேஷன். நம் ஊர் வண்டிகள் அநேகமாக எல்லாம் புனேயை விட்டதும் தென்கிழக்கே திரும்பி மேட்டுச் சமவெளியில் ஓடுபவை. மேற்கே மதில் போல நிற்கும் சஹ்யாத்திரியை அவை தொடுவதே இல்லை. ஆகையால் பதினைந்து ஆண்டுகள் இந்நகரில் குடியிருந்தும் மலையை அறியாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

சென்ற மாதம் அன்பர் ஒருவர் நம்மைக் கண்டு, ஒரே நாளில் குடும்ப சகிதம் போய்வர இடங்கள் சொல்லுமாறு கேட்டார். எப்பொழுது போக உத்தேசம் என்று வினவினோம். "ஜூலையில்தான், வேறு எப்பொழுது ஒழிகிறது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடை விடுமுறை முழுவதும் ஊரில் கழிகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மறுபடியும் ஒரு பயணம். இடையில் பரீட்சைகள். கடைசியில் கையில் மிஞ்சுவன ஜூலை, ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளே. மலை பச்சைப் பட்டு உடுத்து அருவிகளைத் தொங்கவிட்டு அழைப்பதும் அப்பொழுதுதான். ஆனால் பழக்கமில்லாத கால்கள் அங்கே மிதிக்கக்கூடாத காலமும் அதுவே. இதனை நாம் பயமுறுத்தும் பொருட்டு எழுதவில்லை. நாம் வேலை பார்க்கும் இரயில்வே இந்த மலையோடு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக உறவாடிக் கற்றுக்கொண்டது சில உண்டு. அவை குடும்பத் தலைவர்களுக்கும் பயன்படும் என்றே எழுதுகிறோம்.

முதலில் மலையைப் பற்றி. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் நாம் பார்த்து வளர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைதான் இங்கே சஹ்யாத்திரி என்று பெயர் பூண்டு நிற்கிறது. தபதி நதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரிமுனை அருகே முடியும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள தொடரின் இரு முனைகள் இவை. மலை ஒன்றானாலும் கல் வேறு. நம் பக்கத்தில் இருப்பவை மிகப் பழைய பாறைகள். இங்கே இருப்பது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் வெடிப்புகளிலிருந்து எரிகுழம்பு வழிந்து, அடுக்கடுக்காக உறைந்த கருங்கல். தோசையின்மேல் தோசை அடுக்கியது போல என்று நம் வீட்டில் ஒரு சிறுமிக்கு விளக்கினோம்; அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதனால்தான் இம்மலைகளின் தலை தட்டையாகவும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அக்கற்களின்மேல் பாசி படரும். அடுக்குகளின் இடுக்கில் நீர் புகுந்து பாறைகளைத் தளர்த்தும்.

மழையின் கணக்கும் வேறு. புனே நகரில் ஆண்டுக்குப் பெய்வது சராசரி 700 மில்லிமீட்டர் அளவு. அறுபத்து நான்கு கிலோமீட்டர் மேற்கே உள்ள லோனாவ்ளாவில் அதைப் போல ஐந்தாறு மடங்கு பெய்கிறது. மகாபலேசுவரத்தில் 5,500 மில்லிமீட்டருக்கும் மேல். கடலிலிருந்து வரும் மேகம் மலைச்சுவரில் மோதி, சுமையையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. புனேயில் குடையே தேவைப்படாத ஒரு காலைப்பொழுதில் புறப்பட்டு இரண்டு மணி நேரத்தில் இன்னொரு நாட்டுக்குள் இறங்கிவிடுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இனி இரயில்வேயின் கதை. பம்பாயிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் போர் காட் பாதையை அமைக்கும் வேலை 1856இல் தொடங்கி 1863இல் முடிந்தது. மலையடியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர், ஏற்றம் 1,831 அடி, 25 சுரங்கங்கள். கடுமையான இடங்களில் 37 அடி போனால் ஓர் அடி உயர்கிறது. இரயிலுக்கு இது சுவரில் ஏறுவதற்குச் சமானம். ஒரு கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகள் இம்மலையில் உழைத்தனர். காலராவும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின; அவர்கள் பெயர்களை எழுதி வைத்தவர் இல்லை. வேலையை ஏற்க இங்கிலாந்திலிருந்து வந்த சாலமன் டிரெட்வெல் என்னும் காண்டிராக்டர் 1859இல் வந்த சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் அம்மையார் ஊருக்குக் கப்பலேறாமல், காண்டிராக்டைத் தம் பேரில் ஏற்றுக்கொண்டு, தேர்ந்த ஆட்களை நியமித்து வேலையை முடித்துக் கொடுத்தார். நம் பெண்மணிகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாதையில் இன்றும் வண்டிகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பாருங்கள். கர்ஜத்தில் நாம் பிளாட்பாரத்தில் வடா பாவ் வாங்கிக்கொண்டிருக்கையில், புனேயை நோக்கி வரும் பல வண்டிகளின் பின்னால் தள்ளும் எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். இழுக்கும் எஞ்சின் ஒன்று போதாது. பின்னிருந்து தாங்கவும் வேண்டும். லோனாவ்ளா வந்ததும் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். இறங்கும் வண்டிகளுக்கோ இன்னும் கண்டிப்பு. மலையை விட்டு இறங்குமுன் பிரேக்கைச் சோதித்தாக வேண்டும். நடுவழியில் குறித்த இடங்களில் நின்று காட்டியாக வேண்டும். நிற்க முடியாமல் ஓடிவரும் வண்டியைப் பிடிப்பதற்கென்று பக்கத்தில் மேட்டின்மேல் ஏறும் தனித் தண்டவாளம் இருக்கிறது. அதற்குக் கேட்ச் சைடிங் என்று பெயர். ஓடிவந்த வண்டி அந்த மேட்டில் ஏறி வேகம் ஒடுங்கி நின்றுவிடும். பயணிகளில் சிலர் "ஏன் இந்தக் காட்டில் காரணமில்லாமல் நிறுத்துகிறார்கள்?" என்று சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த நிறுத்தத்தில்தான் வண்டி தன் வசத்தில் இருக்கிறது என்பது உறுதியாகிறது.

மழைக்காலத்தில் இதற்கு மேலும் உண்டு. இரவு முழுவதும் காவலர்கள் தோளில் மழையங்கியும் கையில் விளக்குமாகத் தண்டவாளத்தை நடந்தே பார்க்கிறார்கள். கல் உருண்டு கிடக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்த பிறகே மேற்கொண்டு நடப்பார்கள். நேரல் ஸ்டேஷனிலிருந்து மாதேரானுக்கு 1907இல் ஏற்பட்ட குட்டி இரயில் அடிவாரத்திலிருந்து ஏறுவதையே மழைக்காலத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். உச்சியில் மட்டும் சிறு தூரம் ஓடும். 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் இரயில்வே இன்னொரு பாடம் கற்றது. 2003 ஜூன் 22ஆம் தேதி இரவு, வைபவ்வாடி அருகே மலையிலிருந்து சரிந்து கிடந்த பாறைகளில் விடுமுறைச் சிறப்பு வண்டி மோதி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஜூன் 16இல் மஹாட் பக்கம் கரஞ்சாடியில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதே போன்ற விபத்துக்கு உள்ளாயிற்று. இப்பொழுது ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கென்று அங்கே தனிக் கால அட்டவணை வெளியாகிறது. வண்டிகள் மெதுவாகப் போகின்றன. பெருமழையில் கண்ணுக்குப் பாதை தெரியாவிட்டால் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள வண்டிகளை ஓட்டும் இரயில்வேயே மழைக்கு மதிப்புக் கொடுத்துத் தன் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணிகளோ மாற்றிக்கொள்வதில்லை. லோனாவ்ளாவின் பூஷி அணையைப் பலரும் அறிவர். பழைய நாளில் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தருவதற்காக இரயில்வேக்கென்று கட்டப்பட்டது அது. இன்று அதன் படிகளில் வழியும் நீரில் உட்காருவதற்கென்று ஜூலை மாதத்தில் பெருங்கூட்டம் கூடுகிறது. 2024 ஜூன் 30, ஞாயிறு. அணைக்குப் பின்புறம், காட்டிலிருந்து இறங்கும் ஓர் அருவியின் நடுவில், புனேயைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நின்றிருந்தனர். மேலே பெய்த மழையால் நீர் சட்டென்று பெருகியது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே பாறையில் நின்றும் தாங்க முடியவில்லை. ஐந்து பேர் போயினர். அவர்களுள் சிறு குழந்தைகளும் இருந்தனர். கரையில் நின்றவர்களால் பார்க்க மட்டுமே முடிந்தது. அடுத்த ஆண்டு 2025 ஜூன் 15, அதுவும் ஞாயிறு. தளேகாவ் பக்கம் குண்டமளா என்னுமிடத்தில் இந்திராயணியின்மேல் இருந்த பழைய இரும்புப் பாலம், அதன்மேல் கூட்டம் நின்றிருந்தபொழுது இடிந்து விழுந்து நால்வர் இறந்தனர், பலர் காயமுற்றனர். தேஹூவையும் ஆளந்தியையும் தழுவிக்கொண்டு ஓடும் நதி அது; நம்மில் பலர் அதில் கை கால் அலம்பிக் கும்பிட்டிருக்கிறோம்.

"நாங்கள் குற்றாலத்தில் குளித்தவர்கள் ஆயிற்றே!" என்று சொல்வோர் உண்டு. குற்றாலத்து முக்கிய அருவிகளில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, போலீஸ்காரர் நிற்கிறார், நீர் பெருகினால் குளிப்பதைத் தடுத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தும் 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. இங்கே வழியெல்லாம் அருவி. எந்த அருவிக்கும் கம்பியும் இல்லை, காவலும் இல்லை. நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கையில் மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஓசை கனத்தால், அந்தக் கணமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பக்கூடாது. ஓடும் நீரைக் கடந்து அக்கரைக்குப் போவது எக்காரணத்தாலும் வேண்டாம்; கடந்து போனவர்கள் திரும்பி வர வழியின்றி அக்கரையில் சிக்கிக்கொள்வது வழக்கமாக நடப்பது. செங்குத்தான சரிவின் அடியில் வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவதும் வேண்டாம். 2014 ஜூலை 30இல் மாளீண் கிராமமும், 2023 ஜூலை 19 இரவில் இர்ஷால்வாடியும் மலைச் சரிவில் மண்ணோடு புதைந்தவை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே முன்னறிவிப்பின்றி நேர்ந்தது அது.

அப்படியானால் ஜூலையில் வீட்டிலேயே உட்காருவதா? வேண்டியதில்லை. மழைக்கால மலையைப் பார்க்கச் சிறந்த இடம் இரயில் ஜன்னல் என்பது நம் கட்சி. உத்தியோகப் பாசம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காலையில் புனேயிலிருந்து மும்பை வண்டி ஒன்றில் ஏறிக் கர்ஜத் வரையிலோ கல்யாண் வரையிலோ போய், மாலையில் திரும்பி விடலாம். 1930 ஜூன் 1இல் ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் இன்றும் ஓடுகிறது. கண்டாலாவைத் தாண்டியதும் சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே கண நேரம் தோன்றி மறையும் பள்ளத்தாக்குகளும், மேகம் ஜன்னலுக்குள் நுழைவதும், பாறைகளில் நூறு நூறாக இறங்கும் வெள்ளிக் கோடுகளும் காசு கொடுத்தாலும் வேறு எங்கே கிடைக்கும்? குழந்தைகளை ஜன்னலோரம் உட்கார வைத்துச் சுரங்கங்களை எண்ணச் சொல்லுங்கள். இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். அந்தச் சண்டையிலேயே கர்ஜத் வந்துவிடும்.

நடந்து பார்க்க வேண்டியவற்றுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காத்திருப்பது உத்தமம். தொடக்கத்தில் சொன்ன மளவ்லியில் இறங்கினால் தெற்கே பாஜே குகைகள். வடக்கே சற்றுத் தொலைவில் கார்லே குகைகள். பாஜேயின் குடைவரைகள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்தவை. பௌத்தத் துறவிகள் மலையைக் குடைந்து, மரவேலைப்பாட்டைக் கல்லில் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். கார்லேயின் பெரிய சைத்தியம் இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களில் மிகப் பெரியது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தேக்கு மரக் கைகள் அதன் விதானத்தில் இன்னும் இருக்கின்றன. அதன் வாசலிலேயே ஏக்வீரா தேவியின் கோவில். கொங்கணக் கடற்கரையின் கோலி மீனவர்களுக்கு அவள் குலதெய்வம். கடலில் பிழைப்பவர்கள் மலையேறி வந்து வணங்குகிறார்கள்.

பாஜேயிலிருந்து இன்னும் ஏறக்கூடியவர்களுக்கு லோஹகட் கோட்டை. இதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக்கொண்டது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், லோஹகட் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாவது நம் செஞ்சி. 1677இல் செஞ்சியைச் சிவாஜி கைக்கொண்டார். 1689இல் ராய்கட் மொகலாயர் வசமானபொழுது அவர் மகன் ராஜாராம் ஓடி வந்து புகலடைந்ததும் செஞ்சியிலேதான். மொகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கி 1698இல்தான் அக்கோட்டை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் மராத்திக் குழந்தைகளோடு சேர்ந்து சிவாஜியைப் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு லோஹகட் வாயில்களில் ஏறினால், அன்னியர் வீட்டில் நிற்பது போல நிற்க மாட்டார்கள்.

வழியில் புதர்களைக் கவனியுங்கள். கார்வி என்று இங்கே சொல்லப்படும் செடி நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கார்வி ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கிறது. அதன் குச்சிகளைக் கட்டி மண் பூசித்தான் மலைவாழ் மக்கள் வீட்டுச் சுவர் எழுப்புகிறார்கள். சாதாராவுக்கு மேற்கேயுள்ள காஸ் மேட்டின் பூக்கள் செப்டம்பரில். போகுமுன் அனுமதிச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சிம்மகட்டைப் பற்றி எழுதத் தேவையில்லை. பிட்லாவும் பாக்கரியும் மட்குடுவைத் தயிரும் சாப்பிடாத தமிழர் புனேயில் இரார்.

இனி மலைக்கு அப்பாலுள்ள கடல். இங்கேதான் நம்மவர்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். மெரீனாவையும் திருச்செந்தூரையும் பார்த்த கண்ணுக்குக் கடல் என்றால் அலை மட்டுமே. கடல் நீர் ஏறுவதும் இறங்குவதும் நாம் கவனித்தறியாத விஷயம். சென்னையில் அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கொங்கணத்தின் வடபகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கும் மேல் போகும். அதாவது ஒரு மாடி உயரம். காலையில் கால் மைல் மணலும் பாறையுமாகக் கிடந்த இடம் மத்தியானம் ஆழக்கடல் ஆகிவிடுகிறது. 2016 பிப்ரவரி 1இல் முருட் கடற்கரையில் புனேக் கல்லூரி மாணவர் பதினால்வர் மூழ்கினர், மழைக்காலமே அல்ல. ஹரிஹரேசுவரத்துக் கோவிலுக்கு நம்மவர் பலர் போகிறார்கள். அங்கே மலையைச் சுற்றிக் கடலோரப் பாறைகளின் மீது பிரதட்சிண வழி இறங்குகிறது. கடல் இறங்கியிருக்கும் பொழுது மட்டுமே அவ்வழி போகத்தக்கது. பிரதட்சிணத்தைப் பாதியில் விட்டால் தோஷம் என்று எண்ணி ஏறுகின்ற கடலில் நடக்க வேண்டாம். கோவிலுக்குள்ளேயே சுற்றிக் கும்பிட்டால் போதும்.

கடல் ஏற்றத்துக்கு மராத்தியில் "பர்தி", இறக்கத்துக்கு "ஓஹோட்டி". இவ்விரு சொற்களையும் குழந்தைகள் உள்படக் கற்றுக்கொள்ள வேண்டும். கொங்கணத்தார் நேரத்தைக் கணக்கிட எளிய வாய்ப்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள்: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் வருவது பர்தியின் மணி. சதுர்த்தியானால் நான்கு முக்கால் மூன்று. மூன்று மணிக்கு முழு ஏற்றம். அதற்கு ஏறத்தாழ ஆறு மணி முன்னும் பின்னும் இறக்கம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி இருக்கிறது. எனவே புனேயில் இருந்தபடியே உத்தேசமாகக் கணக்கிடலாம். அங்கே போனதும் அச்சிட்ட அலை அட்டவணையைப் பார்த்து, கரையிலுள்ள கோலி மீனவர் ஒருவரையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் அதற்குமேல் பேச்சில்லை.

இந்தக் கணக்கைச் செய்து பார்க்க அலிபாக்கின் குலாபா கோட்டை நல்ல இடம். கடலுக்குள் நிற்கும் கோட்டை. ஓஹோட்டியில் நடந்தே போகலாம், பர்தியில் படகு வேண்டும். உள்ளே கணபதி கோவிலும் நன்னீர்க் கிணறும் இருக்கின்றன. டிசம்பரில் சதுர்த்தியன்று போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: காலை ஒன்பது மணி அளவில் கடல் முழுதும் இறங்கியிருக்கும். எட்டரைக்குள் மணலில் இறங்கி, கணபதியைத் தரிசித்து, மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்தரைக்கெல்லாம் கரை சேர்ந்துவிட வேண்டும். அதற்கு முதல் நாள் மாலையே அலிபாக் போய்த் தங்குவது நல்லது. அவ்வூருக்குப் பயணிகள் இரயில் இல்லை. புனேயிலிருந்து பேருந்தில் காட் இறங்கிப் பேண் வழியாகப் போகலாம்.